நர்ஸ் பிராக்டிஷனரை நம்பலாமா? ஸ்காபரோவுக்குப் புதிதாக வந்த தங்கச்சிக்கு

தங்கச்சி, நீங்கள் கேட்டது இரண்டு கேள்விகள். குடும்ப வைத்தியர் கிடைக்காமல் காத்திருந்த அம்மாவை, இங்கே கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோ பகுதியில் ஒரு கிளினிக் ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஆனால் அவரைப் பார்க்கப்போவது வைத்தியர் இல்லை, மேற்படிப்பு முடித்த தாதியான நர்ஸ் பிராக்டிஷனர் என்கிறார்கள். சலரோகமும் பிரஷரும் உள்ளவரை அவரிடம் விடலாமா என்பது முதற் கேள்வி. யாழ்ப்பாணத்தில் தாதியாக வேலை செய்த நீங்களும் இங்கே அப்படி ஆகலாமா என்பது இரண்டாவது. நான் செய்வதே இந்த வேலைதான். என் பதிலில் கொஞ்சம் பக்கச்சார்பு இருக்கும். அதைக் கழித்துவிட்டு வாசியுங்கள்.

அம்மாவை அவரிடம் விடலாம். கிடைத்த இடத்தைக் கைவிடாதீர்கள். நம் ஒன்ராறியோ மாகாணத்தில் இலட்சக்கணக்கானோர் குடும்ப வைத்தியர் இல்லாமல் இருக்கிறார்கள். ‘நல்ல டொக்டர் வரட்டும்’ என்று காத்திருந்து, கடைசியில் நெஞ்சு நோவோடு அவசர சிகிச்சைப் பிரிவில் போய் நின்றவர்களை எனக்குத் தெரியும்.

நர்ஸ் பிராக்டிஷனரைச் சுருக்கமாக என்.பி. என்போம். அவர் நோயாளியைச் சோதித்து நோய் இன்னதென்று தீர்மானிப்பார், இரத்தப் பரிசோதனைக்கும் ஸ்கானுக்கும் எழுதிக் கொடுப்பார், மருந்து எழுதுவார், நிபுணரிடம் அனுப்புவார். இவ்வளவும் அவருடைய கையெழுத்திலேயே செல்லும். வைத்தியர் ஒருவர் மேலொப்பம் இட வேண்டியதில்லை. 2017 முதல், அதற்கென வைத்த படிப்பை முடித்தவர்கள் மோர்ஃபின் போன்ற கட்டுப்பாட்டு மருந்துகளையும் எழுதலாம். தன் அறிவுக்கு எட்டாததை வைத்தியரிடம் ஒப்படைப்பது அவருடைய கடமை. நர்ஸ் பிராக்டிஷனர் என்ற பெயரைச் சட்டம் காக்கிறது. நினைத்தவர்கள் எல்லாம் தங்களை அப்படி அழைத்துக்கொள்ள முடியாது. காலேஜ் ஆஃப் நர்சஸ் ஆஃப் ஒன்ராறியோ என்பது தாதியரின் பதிவையும் ஒழுக்கத்தையும் கவனிக்கும் அமைப்பு. அதன் இணையப் பதிவேட்டில் பெயரைப் போட்டால் அம்மாவைப் பார்க்கப்போகிறவரின் பதிவு விவரம் வரும். பார்த்துக்கொள்ளுங்கள், அவர் கோபிக்கமாட்டார்.

அம்மாவின் முதல் சந்திப்பில் என்ன நடக்கும் என்று சொல்கிறேன். நான் என்றால் முதலில் காலுறையைக் கழற்றச் சொல்வேன். பேனை அளவுள்ள பிடியில் ஒரு நைலான் நூல் இருக்கும். பத்து கிராம் அழுத்தத்தில் அது வளையும். கண்ணை மூடச் சொல்லிவிட்டுப் பெருவிரலின் அடியிலும் பாதத்தின் முன்பகுதியிலும் அதைத் தொட்டு, “படுகிறதா அம்மா?” என்று கேட்பேன். படாத இடத்தில் முள்ளுக் குத்தினாலும் அவருக்குத் தெரியாது. பிறகு மூன்று மாதச் சீனியின் சராசரி, சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது, அதற்கேற்ப மெட்ஃபோர்மின் என்ற சலரோகக் குளிசையின் அளவு சரியா என்று பார்ப்பேன். ஊரிலிருந்து கொண்டுவந்த குளிசை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள், நாட்டு மருந்து உட்பட. பையில் சீனியைக் குறைக்கும் கிளிக்லசைட் இருந்தால் வெள்ளிக்கிழமை விரதம் உண்டா என்று கேட்பேன். அந்தக் குளிசையைப் போட்டுவிட்டுப் பகல் முழுவதும் சாப்பிடாமல் இருந்தால் சீனி விழுந்து மயக்கம் வரலாம். விரதத்தை விடச் சொல்ல மாட்டேன், குளிசை போடும் நேரத்தையும் அளவையும் மாற்றிக் கொடுப்பேன். நம்மவர் இல்லாத என்.பி.க்கு இது தோன்றாமல் போகலாம். நீங்களே எடுத்துச் சொல்லுங்கள்.

அம்மா அவரை டொக்டர் என்று கூப்பிடுவார், அவர் உடனே திருத்துவார். அது பணிவென்று நினைத்துவிடாதீர்கள். கலாநிதிப் பட்டம் பெற்ற தாதியாக இருந்தாலும் நோயாளியைப் பார்க்கும்போது தன்னை ‘டொக்டர்’ என்று அழைத்துக்கொள்ள இங்கே சட்டம் இடம் கொடுப்பதில்லை. என்னிடம் வரும் ஒரு பெரியவர் எத்தனை முறை திருத்தினாலும் கேட்பதில்லை. இப்போது ‘பிள்ளை டொக்டர்’ என்கிறார்.

காசு விஷயத்தில் கவனம் வேண்டும். என்.பி.கள் நடத்தும் அரசு நிதி பெறும் கிளினிக், சமூக சுகாதார நிலையம், குடும்ப சுகாதாரக் குழு ஆகியவற்றில் ஒரு சதமும் வாங்க மாட்டார்கள். அங்குள்ளவர்களுக்கு மாகாணம் சம்பளம் கொடுக்கிறது. ஆனால் வைத்தியரைப் போல ஒவ்வொரு நோயாளிக்கும் மாகாணச் சுகாதாரக் காப்புறுதியான ஓஹிப்பிடம் பணம் பெறும் வழி என்.பி.க்கு இருக்கவில்லை. அந்த இடைவெளிக்குள்தான் மாதச் சந்தா வாங்கும் தனியார் கிளினிக்குகள் முளைத்தன. வைத்தியர் இலவசமாகச் செய்வதை என்.பி. செய்தால் மட்டும் கட்டணமா என்ற கேள்வி எழுந்து, அதை மாகாணக் காப்புறுதிக்குள் கொண்டுவர வேண்டும் என்று மத்திய அரசு 2025 ஜனவரியில் அறிவித்தது. 2026 ஏப்ரல் 1 என்று திகதியும் குறித்தது. எதுவானாலும், கையெழுத்துப் போடும் முன் “கட்டணம் உண்டா?” என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

நாங்கள் நேற்று முளைத்தவர்கள் இல்லை. அமெரிக்காவின் கொலராடோவில் 1965இல் லொரெட்டா ஃபோர்ட் என்ற தாதியும் ஹென்றி சில்வர் என்ற குழந்தை வைத்தியரும் இந்தப் பயிற்சியைத் தொடங்கினார்கள். கனடாவில் 1967இல் டல்ஹவுசி பல்கலைக்கழகம், வைத்தியர் போகாத வடபுலத்துக்குத் தாதியரை அனுப்ப ஒரு படிப்பை வைத்தது. ஒன்ராறியோவில் 1983இல் பயிற்சி நின்றுபோய் 1995இல் மீண்டும் வந்தது, சட்ட அதிகாரம் 1998இல் கிடைத்தது, என்.பி.களே தலைமை தாங்கும் முதல் கிளினிக் 2007இல் சட்பரியில் திறந்தது. வைத்தியர் தட்டுப்பாடு வந்தால் எங்களைத் தேடுவார்கள், தாராளமாகக் கிடைத்தால் மறந்துவிடுவார்கள். இந்த வேலைக்கு வருவதானால் அதையும் தெரிந்துகொண்டு வாருங்கள்.

இனி உங்கள் விஷயம். நேராக என்.பி. ஆக வழி இல்லை. முதலில் இங்கே பதிவுபெற்ற தாதி, அதாவது ஆர்.என்., ஆக வேண்டும். மூன்றாண்டு டிப்ளோமா படித்தவருக்கு எந்த வகுப்பில் பதிவு என்பதை மேலே சொன்ன தாதியர் காலேஜ்தான் தீர்மானிக்கும். வெளிநாட்டுப் படிப்பை அளக்கும் விதிகளை அண்மையில் தளர்த்தியிருக்கிறார்கள். ஆகவே பத்து வருடத்துக்கு முன் வந்தவர்கள் சொல்லும் கதைகளைக் கேட்டுப் பயப்படாமல் காலேஜின் இணையப் பக்கத்தையே வாசியுங்கள். ஆர்.என். வகுப்புக்கு என்கிளெக்ஸ் பரீட்சை, செயல்முறைத் தாதியரான ஆர்.பி.என். வகுப்புக்கு ரெக்ஸ்-பிஎன் பரீட்சை; இரண்டுக்கும் ஆங்கிலத் தகுதியும் சட்டப் பரீட்சையும் உண்டு. அண்மைக்கால வேலைச் சான்று குறைந்தால், வைத்தியசாலையில் மேற்பார்வையின் கீழ் வேலை செய்து அதை நிரப்ப 2022இல் ஒரு திட்டம் வந்தது. வழி தெரியாமல் தடுமாறினால் ரொறன்ரோவில் வெளிநாட்டுத் தாதியருக்கென்றே இயங்கும் கேர் சென்டருக்குப் போங்கள்.

என்.பி. படிப்புக்குத் தாதியியலில் இளமாணிப் பட்டம் கட்டாயம். டிப்ளோமா போதாது, இடையில் பட்டத்தை முடிக்க வேண்டும். அதற்கு மேல் ஆர்.என். ஆகக் கடந்த ஐந்து ஆண்டுகளுக்குள் ஏறக்குறைய 3,640 மணித்தியால வேலை, அதாவது இரண்டு ஆண்டு முழுநேரம். ஒன்பது பல்கலைக்கழகங்கள் ஒரே பாடத்திட்டத்தில் சேர்ந்து நடத்துகின்றன. ஸ்காபரோவிலிருந்து போய்வர யோர்க்கும் ரொறன்ரோ மெட்ரோபொலிட்டனும் வசதி. முழுநேரம் என்றால் இரண்டு ஆண்டு, அதற்குள் 700 மணித்தியாலத்துக்கு மேல் கிளினிக் பயிற்சி.

பாடத்தைவிடக் கடினமான ஒன்று இருக்கிறது. ஊரில் வைத்தியசாலை விடுதியில் (வார்ட்டில்) நாம் பெட் ஹெட் டிக்கெட்டை, அதாவது நோயாளியின் சிகிச்சைக் குறிப்பைப் பார்த்து வேலை செய்தோம். எச்.ஓ. எனும் பயிற்சி வைத்தியர் எழுதினார், நாம் கொடுத்தோம். எழுதியது பிழை என்று மனதுக்குத் தெரிந்தாலும் மெல்லமாக “சேர், இதை ஒருக்கால் பாருங்கோ” என்போம். இங்கே எழுதுவதும் நீங்கள்தான், பார்க்க வேறு யாரும் இல்லை. பரீட்சையில் நோயாளியாக நடிப்பவர் முன்னால் உட்கார்ந்து தலையிடி என்பார். குறித்த நிமிடத்துக்குள் ஆபத்தான காரணம் எது, எதைக் கேட்டு அதை விலக்கலாம், இன்றே அனுப்ப வேண்டுமா என்று முடிவு சொல்ல வேண்டும். நம் ஊர்த் தாதியர் பலர் அங்கேதான் தயங்குகிறார்கள். அறிவில் குறை இல்லை. வாயைத் திறந்து ‘இதுதான்’ என்று சொல்லிப் பழகவில்லை. அதனால்தான் விடுதியில் சில ஆண்டுகள் வேலை செய்த பிறகு சேருங்கள் என்கிறேன். முடித்த பின் சமூக கிளினிக்கில் சேர்ந்தால் சம்பளம் வைத்தியசாலையைவிடக் குறைவாகவே இருக்கும். வீட்டுக் கடன் எடுக்கும் முன் அதையும் யோசியுங்கள்.

இந்தக் கிழமை ஒன்றை மட்டும் செய்யுங்கள். பயிற்சிக் கல்லூரிப் பெறுபேறுகளும் வேலை உறுதிக் கடிதமும் யாழ்ப்பாணத்திலிருந்தே நேரடியாக இங்கே வர வேண்டியிருக்கும். உங்களைத் தெரிந்தவர்கள் இன்னும் அந்தக் கந்தோரில் இருக்கும்போதே எழுதிப் போடுங்கள். சித்திரை வருடப்பிறப்பு நெருங்கிவிட்டால் அங்கே ஒரு கோப்பும் அசையாது.