டென்யூர் கெடு: "பார்த்துக்கலாம்" என்ற பேச்சு செல்லாது

கேள்வி: சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகம் ஒன்றில் உதவிப் பேராசிரியராக ஐந்தாம் ஆண்டில் இருக்கிறேன். போன வருடம் குழந்தை பிறந்து 16 வாரம் விடுப்பு எடுத்தேன். டென்யூர், அதாவது நிரந்தரப் பணி, பெறுவதற்கான கெடு தள்ளிப்போகுமா என்று கேட்டால், துறைத்தலைவர் "பார்த்துக்கலாம்" என்கிறார். திருச்சியில் வேலை பார்க்கும் என் தோழிக்கு இந்தப் பதற்றமே இல்லையே?

பதில்: முதலில் தோழியோடு ஒப்பிடுவதை விடுங்கள். இந்தியாவில் பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018 விதிப்படி, முனைவர் பட்டம் பெற்ற உதவிப் பேராசிரியர் 4 ஆண்டில் அடுத்த நிலைக்கு விண்ணப்பிக்கலாம். தாமதமானால் சம்பளம்தான் அடிபடும். இங்கே சிங்கப்பூரில் நாம் எடுத்துக்கொண்டது அமெரிக்க முறை. ஒருவரைக் காலமெல்லாம் தற்காலிகமாக வைத்து வேலை வாங்கக்கூடாது என்று அங்குள்ள பேராசிரியர் சங்கம் 1940இல் ஏழாண்டு வரம்பு வைத்தது. ஆசிரியரைக் காக்க வந்த விதி இன்று ஆசிரியரையே வெளியேற்றுகிறது. கெடுவுக்குள் டென்யூர் கிடைக்காவிட்டால் ஒப்பந்தமே முடிந்துவிடும்.

இங்குள்ள பெரிய பல்கலைக்கழகங்களான என்யுஎஸ்சும் (சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம்) என்டியுவும் (நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம்) 2006இல் தன்னாட்சி பெற்றவை. எல்லாருக்கும் பொதுவாக ஒரே சட்டம் கிடையாது. உங்கள் நியமனக் கடிதமும் பல்கலைக்கழகக் கொள்கையும் சொல்வதுதான் கணக்கு. ஆய்வை விடப் பாடம் நடத்துவதற்காகவே நியமிக்கப்பட்ட, கற்பித்தல் தடத்தில் இருப்பவர்களுக்கு வேறு விதி. அது உங்களுக்கு வேண்டாம்.

இப்போது முக்கியமான விஷயம். விடுப்பு வேறு, கெடு வேறு. 16 வார மகப்பேற்று விடுப்பு அரசாங்கச் சட்டம் தருவது. அதில் டென்யூர் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நீங்கள் வீட்டில் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த நாளிலும் கடிகாரம் ஓடியிருக்கலாம். கெடுவை நீட்டிக்கும் வசதி, வழக்கமாக ஒரு குழந்தைக்கு ஓராண்டு, பல்கலைக்கழகம் தனியே தருவது. சில இடங்களில் தானாகவே கிடைக்கும், சில இடங்களில் கேட்டுத்தான் பெற வேண்டும், அதுவும் குறித்த காலத்துக்குள். துறைத்தலைவர் நல்லவராகவே இருக்கட்டும். அடுத்த வருடம் அந்த நாற்காலியில் வேறொருவர் இருப்பார். அதனால் மனிதவளத் துறைக்கு மின்னஞ்சல் அனுப்பி, புதிய கெடு எந்தத் தேதி என்று எழுத்தில் வாங்குங்கள். பிள்ளை பெற்றவர் ஒரு தேதிக்காக இப்படி அலைய வேண்டியிருப்பதே வெட்கக்கேடு, ஆனால் அலையத்தான் வேண்டும்.

நீட்டிப்பு கிடைத்தாலும் வேலை முடியவில்லை. உங்கள் ஆய்வை எடைபோடும் வெளிநாட்டு மதிப்பீட்டாளர்களுக்குப் பல்கலைக்கழகம் அனுப்பும் கடிதத்தில், கூடுதல் ஆண்டைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்ற வரி இருக்கிறதா என்று டீன் அலுவலகத்தில் கேளுங்கள். அந்த வரி இல்லாவிட்டால் "ஏழு வருடத்தில் இவ்வளவுதானா?" என்று ஒருவர் எழுதிவிடுவார். மதிப்பீட்டாளர்களின் பதில் கடிதங்கள் வந்து சேரவே மாதக்கணக்காகும். ஆறாம் ஆண்டில் பரிசீலனை என்றால், ஐந்தாம் ஆண்டு முடிவதற்குள் வெளிவந்த கட்டுரைகள்தான் உண்மையில் எடைபோடப்படும்.

இந்த அவசரத்தை மோப்பம் பிடித்துத்தான், ஆய்விதழ்களைப் பட்டியலிடும் ஸ்கோபஸ் தரவுத்தளத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டு வாட்ஸ்அப்பில் தரகர்கள் வருவார்கள். "ஸ்கோபஸ் இதழ், நான்கு வாரத்தில் உறுதி, கட்டுரையில் முதல் பெயராக வர ஒரு விலை, மூன்றாம் பெயராக வர ஒரு விலை" என்று தமிழிலேயே பேசுவார்கள், ஊர்ப் பாசமும் காட்டுவார்கள். எழுதாத கட்டுரையில் பெயரை விலைக்கு வாங்குவது மோசடி. பிடிபட்டால் டென்யூரோடு வேலையும் போகும். பிடிபடாவிட்டாலும் பயனில்லை; மதிப்பீட்டாளர்கள் உங்கள் துறையின் நல்ல இதழ்களை அறிந்தவர்கள், எண்ணிக்கையைப் பார்த்து மயங்க மாட்டார்கள். அந்த இதழே நாளை ஸ்கோபஸ் பட்டியலிலிருந்து நீக்கப்படலாம். கட்டிய பணத்தைத் தரகர் திருப்பித் தரமாட்டார். அந்த எண்ணை இன்றைக்கே பிளாக் செய்யுங்கள்.