குளிர்வித்தால் அழிவு கூடுமா, குறையுமா?

ஹைட்ரஜனையும் எதிர்-ஹைட்ரஜனையும் (எதிர்-புரோட்டானும், எலக்ட்ரானின் எதிர்த்துகளான பாசிட்ரானும் சேர்ந்த அணு) குளிர்விக்கும்போது அவை மோதி ஒன்றையொன்று அழிப்பதற்கான குறுக்குவெட்டுப் பரப்பு (அந்த மோதலுக்கான வாய்ப்பின் அளவு) வேகம் v குறையக் குறைய 1/v என்று ஏறுகிறதே, அப்படியானால் தனிச்சுழி வெப்பநிலைக்கு அருகில் எல்லாம் நொடியில் அழிந்துவிடாதா என்று கேட்டிருக்கிறீர்கள். கணக்கு சரிதான், கடைசிப் படி ஒன்றை மட்டும் விட்டுவிட்டீர்கள். அழியும் வீதம் அந்தப் பரப்பையும் வேகத்தையும் பெருக்கினால் வருவது. ஒன்று 1/v, இன்னொன்று v. ஆக வீதம் ஒரு மாறிலியில் போய் நிற்கும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. மிக மெதுவாக வரும் அணுவின் அலைநீளம் பெரிது. அணுக்களுக்கு இடையிலான மெல்லிய வான்டர்வால்ஸ் ஈர்ப்பு திடீரென்று செங்குத்தாகும் இடத்தில் அந்த அலை பெரும்பாலும் திரும்பிவிடுகிறது, இழுக்கும் விசையாக இருந்தும்! இதுதான் குவாண்டம் எதிரொளிப்பு.

சரி, திரும்பாமல் உள்ளே போனால்? இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள் நெருங்கும்போது வரும் விலக்கு இங்கே இல்லை. புரோட்டானும் எதிர்-புரோட்டானும் ஒன்றையொன்று இழுக்கின்றன. இடைவெளி போர் (Bohr) ஆரத்தை, அதாவது ஹைட்ரஜன் அணுவின் ஆரத்தை, விடக் குறைந்ததும் அவற்றின் மின்னூட்டங்கள் வெளியிலிருந்து பார்த்தால் ஏறக்குறைய ரத்தாகிவிடும். எலக்ட்ரானையும் பாசிட்ரானையும் பிடித்து வைக்க ஆளில்லை. அவை பாசிட்ரோனியம் என்ற இணையாகச் சேர்ந்து வெளியேறும். மிஞ்சுவது புரோட்டோனியம், அதாவது புரோட்டானும் எதிர்-புரோட்டானும் பிணைந்த இணை. அது ஆற்றல் நிலைகளில் படிப்படியாக இறங்கித்தான் அழிகிறது, பெரும்பாலும் பையான்கள் என்ற குறுகிய ஆயுள் துகள்களாக.

அப்புறம், துகள் இயற்பியல் ஆய்வகமான செர்னில் ஆல்ஃபா குழு 2011-இல் எதிர்-ஹைட்ரஜனை 1000 விநாடி வைத்திருந்ததை, குளிரில் எல்லாம் நொடியில் அழிவதில்லை என்பதற்குச் சான்றாக எடுக்காதீர்கள். அங்கே காந்தப்பொறியும் மிக உயர்ந்த வெற்றிடமும் மோதலையே அரிதாக்கிவிடுகின்றன.