அப்பாயிக்கு பிறப்புப் பதிவு இல்ல, பூர்வீகத்த எழுதினா பிரச்சின வருமா?

கேள்வி: எங்க அப்பாயி இலங்கை மலையகத்துல, பொகவந்தலாவ பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துல பொறந்தவங்க. பர்த் சட்டிபிகட் இல்ல. சுதந்திரத்துக்கு முந்தின வருஷம் மாசி மாசம்னு சொல்றாங்க, ஐடியில 1949 ஜனவரி 1ன்னு இருக்கு. அவங்க அப்பா திருச்சியில இருந்து வந்தவர். இப்ப பிறப்பப் பதியப் போறப்ப அத எழுதினா பிரஜாவுரிமைக்கு ஏதும் ஆகுமா?

பதில்: ஆகாதுங்க, மொதல்ல அந்தப் பயத்த விடுங்க. பயம் எங்கேருந்து வந்துச்சுன்னு எனக்கு நல்லாவே புரியுது, 1948 பிரஜாவுரிமைச் சட்டம் இங்கயே பொறந்தவங்ககிட்டயும் ஒங்க அப்பா இங்க பொறந்தாரா, இல்லன்னா தாத்தாவும் பூட்டனும் இங்கயா பொறந்தாங்கன்னு கேட்டுச்சு, லயத்துல, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்ல, பொறந்த பிள்ளைக்கு அதுக்கு எந்தக் கடுதாசிய காட்டுறது? வீட்ல இருக்க பழைய பிறப்புச் சான்றிதழ எடுத்துப் பாருங்க, பாட்டன் பூட்டன் இலங்கையில பொறந்திருந்தா வெவரம் எழுதுன்னு தனிக் கூடே (கட்டமே) இருக்கும். ஆனா 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்துக்குப் பொறகு நெலம வேற, 1964 அக்டோபர் 30ல இருந்து இங்க நிரந்தரமா இருக்க இந்திய வம்சாவளி ஆளுங்களுக்கும் அவங்க பிள்ளைகளுக்கும் பிரஜாவுரிமை உண்டு. திருச்சின்னா திருச்சின்னே எழுதுங்க, மறைக்காதீங்க.

பதிவே இல்லன்னு முடிவு பண்ணாதீங்க. அப்பாயி பொறந்த எடத்துக்குரிய பிரதேச செயலகத்துல, மேலதிக மாவட்டப் பதிவாளர்கிட்ட தேடச் சொல்லி எழுதிக் குடுங்க. அந்தக் காலத்துல தோட்டத்துப் பிறப்ப தொரைதான், அதாவது தோட்ட மேனேஜர்தான், அறிவிக்கணும், பெரும்பாலும் இங்கிலீஷ்லதான், அதனால நம்ம சொல்ற தோட்டப் பேர் அங்க இல்லாமப் போகலாம், தோட்டத்தோட இங்கிலீஷ் பேர், டிவிசன் (தோட்டத்துக்குள்ள எந்தப் பிரிவு), அப்பாயியோட அப்பா பேர எழுதக்கூடிய எல்லா விதமும் குடுங்க, வருஷத்தையும் முன்ன பின்ன சேத்துத் தேடச் சொல்லுங்க.

தேடியும் இல்லன்னா, இல்லங்கிறதையே எழுத்துல வாங்குங்க. அதுக்குப் பொறகுதான் காலம் பிந்திய பதிவோ உத்தேச வயதுச் சான்றிதழோ. ஞானஸ்நானப் பத்திரம், ஸ்கூல் சேர்வுப் பதிவு, தோட்டத்துப் பழைய செக்ரோல் (தொழிலாளர் பேர்ப்பதிவு), பிள்ளைகளோட பிறப்புச் சான்றிதழ் எது கெடச்சாலும் சேருங்க. முக்கியமா அப்பாயியோட அப்பா 1949 இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் பிரஜாவுரிமைச் சட்டத்துக்குக் கீழ பிரஜாவுரிமைக்கு மனு போட்டிருந்தா, அந்தக் கடுதாசி வீட்ல எங்கயாவது கெடக்கான்னு தேடுங்க, சின்னப் பிள்ளைகளையும் அதுல சேத்து எழுதலாம்.

மாசியில ஏதோ ஒரு தேதிய நீங்களா போட்டுறாதீங்க, தெரிஞ்சே பொய் சொல்லி சத்தியக்கடதாசி (அஃபிடவிட்) குடுக்கிறது குத்தம். 1947ன்னு பதிவு வந்தா ஆட்பதிவுத் திணைக்களத்துல ஐடியையும் திருத்தணும், இபிஎஃப், பேங்க் புத்தகமும் அதுக்கு ஒத்துப்போகணும்.

இன்னொன்னு, அப்பாயி தெளிவா பேசுறப்பவே சமாதான நீதவான் (ஜேபி) முன்னால அவங்க பேருல ஒரு சத்தியக்கடதாசி எழுதுங்க. எந்த டிவிசன்ல பொறந்தாங்க, அப்பா எந்த ஊர்லருந்து எந்தக் கங்காணியோட (ஆள் கூட்டிட்டு வந்த மேற்பார்வையாளர்) வந்தாரு, இதெல்லாம் யார் சொல்லித் தெரியும்னு அவங்க சொல்ற மாதிரியே இருக்கட்டும். பதிவேட்டுல இது எல்லாத்துக்கும் கூடு கெடையாது, ஆனா நாளைக்கு பேரப்பிள்ளைகளுக்கு இதுதான் சாட்சி. ரெண்டு பிரதி எடுத்து ஒண்ண வேற வீட்ல வைங்க.