பன்றிக்கு இழுத்த கம்பியில் பக்கத்துக்காரர் மாடு செத்துவிட்டது

கேள்வி: பாலக்கோடு பக்கம் இரண்டு ஏக்கரில் நிலக்கடலை போட்டிருக்கிறேன். காட்டுப்பன்றி பாதியைக் கிளறிவிட்டது. வனத்துறையிடம் சொல்லியும் யாரும் வரவில்லை. பன்றிக்காகத்தான் மோட்டார் கொட்டகையிலிருந்து கம்பி இழுத்தேன். பக்கத்து நிலத்துக்காரரின் கறவை மாடு அதில் அடிபட்டுச் செத்துவிட்டது. 60,000 கேட்கிறார், இல்லையென்றால் புகார் என்கிறார். என் வரப்புக்குள் வந்தது அவர் மாடுதானே? வனத்துறை மீது வழக்குப் போடலாமா?

பதில்: வனத்துறை வராதது, மாடு வரப்பு தாண்டியது எல்லாம் இப்போது எடுபடாது. கம்பியில் ஓடியது மோட்டார் கரண்ட். முதல் வழக்கு அதில்தான். மின்சாரச் சட்டம் 135-ஆவது பிரிவில் அது திருட்டு.

'பன்றிக்காகத்தான்' என்கிறீர்களே, என்னிடம் வருபவர்கள் மாட்டிக்கொள்வதே இந்த வார்த்தையில்தான். காட்டுப்பன்றியும் வன உயிரினச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்டது. கொல்ல முயன்றாலே வேட்டை. அனுமதி இல்லாமல் கொல்லச் சட்டம் விலக்குத் தருவது உயிரைக் காக்க மட்டும், பயிருக்கு இல்லை. போலீஸிடம் குற்றத்தை ஒப்புக்கொண்டு சொன்னது கோர்ட்டில் செல்லாது என்று கேள்விப்பட்டு, அதே நினைப்பில் ரேஞ்சர் முன் கையெழுத்துப் போடுகிறார்கள். வன அதிகாரி போலீஸ் அல்ல. அந்த வாக்குமூலம் கோர்ட்டில் நிற்கும். வக்கீல் இல்லாமல் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

காப்புக்காட்டிலிருந்து 3 கி.மீ.க்கு அப்பால் பன்றியைச் சுட 2025 ஜனவரியில் அரசு வழிவிட்டதே என்பீர்கள். சுடுவது வனத்துறை ஆட்கள், நாம் இல்லை.

கம்பியில் இன்னும் கரண்ட் இருந்தால் இந்த நிமிடமே நிறுத்துங்கள். உங்கள் தாலுகாவில், மாரண்டஹள்ளி அருகே 2023 மார்ச்சில் மூன்று யானைகள் செத்தது இப்படிப்பட்ட கம்பியில்தான். விவசாயி கைதானார். யானைக்குக் குறைந்தபட்சமே 3 வருடம். விடியற்காலையில் தண்ணீர் பாய்ச்ச வருகிற கூலியாள் மிதித்தால் கொலையாகாத மரணம் என்று பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இ.பி.கோ.வுக்குப் பதில் வந்த சட்டம்) 105-ஆவது பிரிவு போடுவார்கள். அப்புறம் ஜாமீனுக்கே அலைய வேண்டும்.

மாட்டுக்குப் பணம் கொடுத்துவிடுங்கள். 60,000 அதிகம் என்றால் கால்நடை மருத்துவர் சொல்லும் விலைக்குப் பேசுங்கள், பேச்சை இழுக்காதீர்கள். ரசீது வாங்குங்கள். ஆனால் இந்தச் சமரசம் மின்வாரியத்தையும் வனத்துறையையும் கட்டுப்படுத்தாது. மின்வாரியம் வழக்குப் போட்டால் மின்சாரச் சட்டம் 152-ஆவது பிரிவில் பணம் கட்டி முடிக்கலாம், ஒரே ஒரு தடவைதான்.

மாடு இன்சூரன்ஸ் செய்யப்பட்டதா என்றும் கேளுங்கள். 'பாம்பு கடித்துச் செத்தது' என்று எழுதிக் கொடுத்துக் காப்பீடு வாங்கலாம் என்று அவர் சொன்னால், சாட்சிக் கையெழுத்துப் போடாதீர்கள். அது மோசடி வழக்கு. அதிலும் உங்கள் பெயர் சேரும்.