முதலில் டங்கி எங்கே என்று கேளுங்கள்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: தருமபுரி பக்கம் எனக்கு 2 ஏக்கர் கிணற்றுப் பாசனம். மென்தால் புதினா போட்டு எண்ணெய் எடுத்தால் 100 நாளில் ஏக்கருக்கு 1 லட்சம் லாபம் என்று ஒருவர் வந்து பேசினார். நாற்றுக்கு முன்பணம் கேட்கிறார். எண்ணெயைத் தாங்களே வாங்கிக்கொள்வார்களாம். நம்பலாமா?

பதில்: முன்பணம் இன்னும் கொடுக்கவில்லையே? சரி, கணக்குப் பார்ப்போம்.

2008 முதல் 9 வருடம் உத்தரப் பிரதேசத்தின் பாராபங்கியில் புதினா எண்ணெய் கொள்முதல் வேலையில் இருந்தவன் நான். லக்னோவுக்குக் கிழக்கே கொஞ்ச தூரம்தான். அங்கே நன்றாகப் பார்த்துக்கொள்ளும் விவசாயி ஏக்கருக்கு 40 முதல் 50 கிலோ எண்ணெய் எடுப்பார். கணக்குக்காகக் கிலோ 1,000 ரூபாய் என்று வைத்தாலும் மொத்த வரவே 50,000 ரூபாய். நாற்று, உரம், களையெடுப்பு, தண்ணீர், வடிக்கிற கூலி எல்லாம் அதிலிருந்துதான் போகவேண்டும். 1 லட்சம் 'லாபம்' எங்கிருந்து வரும் என்று வந்தவரிடமே கேளுங்கள்.

அப்புறம் ஏன் அங்கே ஊர் ஊராகப் போடுகிறார்கள்? பிப்ரவரியில் உருளைக்கிழங்கைத் தோண்டி எடுத்துவிட்டால், மழை வந்து நெல் நடும் வரை நிலம் சும்மா கிடக்கும். அந்த இடைவெளியில் புகுந்த பயிர் இது. கோசி என்ற ரகம் 90 நாளிலேயே வெட்டுக்கு வந்துவிடும். மாடோ, நீல்காய் என்ற காட்டு விலங்கோ வாய் வைக்காது. நெல்லும் கிழங்கும் சாப்பாட்டையும் கடனையும் பார்த்துக்கொள்ள, புதினா கைச்செலவுக்கு ஆகும். இன்னொரு பயிரை விட்டுவிட்டு இதைப் போடுகிறவரை நான் அதிகம் பார்த்ததில்லை.

அங்கே இருக்கிற இன்னொரு வசதி டங்கி. எண்ணெய் வடிக்கும் இரும்புக் கலத்துக்கு அந்த ஊர்ப்பெயர் அது. அடியில் தண்ணீர், அதற்கு மேல் சல்லடைத் தட்டு, அதன்மேல் ஒரு நாள் வாட்டிய புதினாவைக் கொட்டி, ஆள் இறங்கிக் காலால் மிதித்து அடைப்பார்கள். மூடியை இறுக்கி அடுப்பைப் பற்றவைத்தால், நீராவி எண்ணெயைக் கூட்டிக்கொண்டு குழாய் வழியே போய்க் குளிர்ந்து சொட்டும். எண்ணெய் தண்ணீரின் மேல் மிதக்கும்; மொண்டு எடுக்க வேண்டியதுதான். நீலகிரியில் தைல இலை காய்ச்சுவதைப் பார்த்திருந்தால் இது புதிதாகத் தெரியாது. 100 கிலோ பச்சைத் தழைக்கு அரைக் கிலோவிலிருந்து முக்கால் கிலோ வரை எண்ணெய் கிடைக்கும். வடித்த சக்கையைக் காயவைத்து அடுத்த நடைக்கு அதையே விறகாக்குவார்கள். ஊருக்கு ஊர் டங்கி இருப்பதால் தழை வெகுதூரம் போகாது. உங்கள் 2 ஏக்கரில் 15 டன் தழை வந்தால் எந்த டங்கிக்கு, எந்த லாரியில், யார் செலவில்? உங்களிடம் பேசியவர் இதற்குப் பதில் சொன்னாரா? நீங்களே ஒன்று போடுவதாக இருந்தால் பாதுகாப்பு வால்வு இல்லாமல் போடாதீர்கள். குழாய் அடைத்து டங்கி வெடித்த செய்தி அந்தப் பக்கம் அடிக்கடி வரும்.

பகல் நீளம் இன்னொரு சங்கதி. இந்தப் பயிர் நீண்ட பகலை விரும்பும். ஜூனில் லக்னோவில் பகல் கிட்டத்தட்ட 14 மணி நேரம், உங்கள் ஊரில் 13-ஐக்கூடத் தொடாது. தண்ணீரும் நிறையக் குடிக்கும்; அங்கே 10, 12 தடவை பாய்ச்சுவார்கள். ஆசை விடவில்லை என்றால் 10 சென்டில் போட்டுப் பாருங்கள். வேர்த்தண்டுக்கு, லக்னோவில் இருக்கும் மத்திய மருந்து, நறுமணத் தாவர ஆராய்ச்சி நிறுவனத்தைக் கேளுங்கள். பெங்களூருவிலேயே அவர்கள் மையம் இருக்கிறது. கிணறு கோடையில் வற்றும் என்றால் எலுமிச்சைப் புல்லைப் பற்றியும் அங்கேயே விசாரியுங்கள். ஒருமுறை நட்டால் சில வருடம் வெட்டலாம், தண்ணீரும் குறைவு.

கேள்வி: சந்தையில் புதினாக் கட்டு விலை விழும்போது, விற்காததைக் காய்ச்சி மென்தால் எடுக்கலாமா? – ஒட்டன்சத்திரம் வாசகி

பதில்: முடியாதம்மா. துவையலுக்கு வாங்குகிற புதினா பெரும்பாலும் வேறு இனம். அதன் வாசனை கார்வோன் என்ற பொருளால் வருவது. மென்தால் அதில் பெயருக்குத்தான் இருக்கும். மென்தால் புதினா எண்ணெயைக் குளிரவைத்தால் ஊசி ஊசியாகப் படிகம் இறங்கும், துவையல் புதினா எண்ணெயில் இறங்காது. அந்தப் படிகத்தை எடுத்தபின் மிஞ்சும் மலிவு எண்ணெயை நல்ல எண்ணெயில் கலந்து விற்பவர்களும் உண்டு. ஆய்வகச் சோதனைக்கு அனுப்பாமல் அப்படி 2 டிரம் வாங்கி நான் திட்டு வாங்கியிருக்கிறேன்.

கேள்வி: செயற்கை மென்தால் வந்துவிட்டதே, இனி விவசாயிக்கு விலை கிடைக்குமா? – கோவை வாசகர்

பதில்: செயற்கை புதிதல்ல. ஜப்பானின் தகாசாகோ நிறுவனம் 1980-களிலேயே செய்யத் தொடங்கியது. ஜெர்மனியின் பிஏஎஸ்எஃப் 2012-இல் பெரிய ஆலையைத் திறந்தது. அதனால் இயற்கை எண்ணெய் விலை மிகவும் ஏறினால் வாங்குகிறவர் அந்தப் பக்கம் போய்விட முடியும். ஆனாலும் விவசாயிக்கு ஒரு பிடி இருக்கிறது. ஈரம் போக்கி டின்னில் அடைத்தால் எண்ணெய் வருடக்கணக்கில் கெடாது. பாராபங்கியில் அரிசிப் பானைக்குப் பக்கத்தில் எண்ணெய் டின் இருக்கும். பள்ளிக் கட்டணம் வந்தால் 2 கிலோ, கல்யாணம் வந்தால் டின்னோடு கடைக்குப் போகும்.

2012-இல் கிலோ 2,000 ரூபாயைத் தாண்டியது. அப்போதே விற்று வீட்டுக்குத் தளம் போட்டவர்களும் உண்டு. இன்னும் ஏறும் என்று வைத்திருந்து அடுத்த வருடம் பாதிக்கும் கீழே கொடுத்தவர்களும் உண்டு. அங்கே நான் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் இரண்டாவது வகை. விலையை நான்தான் இறக்கினேன் என்பதுபோல, அந்த வருடம் முழுக்க என்னை டீக்குக்கூடக் கூப்பிடவில்லை.