பழைய மைவியைக் கொடுத்துப் புது சாகா எடுக்கலாமா?

கேள்வி: எங்கள் 2010 மைவி காருக்குக் கடன் முடிந்துவிட்டது. கொஞ்ச நாளாக கியர் மாறும்போது உதறுகிறது. பட்டறையில் கியர்பாக்ஸ் மாற்ற 3,000 வெள்ளி (ரிங்கிட்) கேட்கிறார்கள். ஈப்போவில் ஒரு கடையில் மைவியை 10,000-க்கு எடுத்துக்கொண்டு புது சாகா கார் தருகிறார்களாம். மீதி 36,000 வெள்ளி, 3.5 விழுக்காடு பிளாட் வட்டியில் (கடன் குறைந்தாலும் முதல் தொகை முழுவதுக்கும் போடும் வட்டி) 9 வருடக் கடன். கிராண்டையும் (காரின் உரிமைப் பத்திரம்) சாவியையும் கொடுத்தால் 11,000 வாங்கித் தருவதாக ஒரு ரன்னர் (இடைத்தரகர்) சொல்கிறார். எதைச் செய்வது? – வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: சகோதரி, முதலில் அந்த ரன்னருக்கு முடியாது என்று சொல்லிவிடுங்கள். காரணம் பிறகு சொல்கிறேன்.

உதறலுக்கெல்லாம் கியர்பாக்ஸ்தான் காரணம் என்றில்லை. ‘டி’ கியரில் போட்டு பிரேக் மிதித்து நிற்கும்போது மட்டும் நடுங்கினால் என்ஜினைத் தாங்கும் மவுண்டிங் தேய்ந்திருக்கலாம். அதற்குச் செலவு குறைவு. வேறொரு பட்டறையில் கியர் எண்ணெயைக் கொஞ்சம் எடுத்து வெள்ளைத் துணியில் விடச் சொல்லுங்கள். சிவப்பாகவே இருந்தால் நல்லது. கருத்துப்போய் தீய்ந்த வாடை அடித்தால்தான் 3,000 வெள்ளிப் பேச்சே.

அந்த 3,000-ஐக் கட்டவே வேண்டியிருந்தாலும் கணக்கைப் பாருங்கள். 36,000-க்கு 9 வருட வட்டி 11,340 வெள்ளி. மாதம் ஏறக்குறைய 438 வெள்ளி, 108 மாதம். கியர்பாக்ஸ் செலவு ஏழு மாதத் தவணைக்குள் அடங்கிவிடுகிறது. கீழ்ப்பலகை துருப்பிடித்து ஓட்டை விழாமல், என்ஜின் எண்ணெய் குடிக்காமல் இருந்தால் மைவியைச் செப்பனிட்டு ஓட்டுங்கள் என்பதே என் கருத்து. பேருந்தே எட்டிப் பார்க்காத தோட்டத்துக்காரர்கள் கார் இல்லாமல் வேலைக்கும் கிளினிக்குக்கும் எப்படிப் போவார்கள் என்று யாரும் யோசிப்பதில்லை. ஆனால் ஒன்பது வருடக் கடன் கொடுக்க மட்டும் எல்லாரும் தயார்.

மாற்றியே தீர வேண்டுமென்றால் பழையதை விற்பதையும் புதியதை வாங்குவதையும் ஒரே பேச்சில் கலக்காதீர்கள். “என் காரைப் பற்றி அப்புறம் பேசுவோம், சாகாவின் கடைசி விலை என்ன?” என்று முதலில் கேட்டு எழுதி வாங்குங்கள். மைவிக்கு 10,000 கொடுத்துத் தள்ளுபடியே தராத கடையைவிட, 8,500 கொடுத்து 2,000 தள்ளுபடி தரும் கடை உங்களுக்கு 500 வெள்ளி லாபம். பெரிய எண்ணைக் காட்டி மயக்குவது இந்தத் தொழிலில் பழைய வித்தை.

இப்போது ரன்னர் விஷயம். அவர் நீட்டும் ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) கே3ஏ பெயர் மாற்றப் பாரத்தில் வாங்குபவர் பகுதி வெறுமையாக இருக்கும். அதில் கையெழுத்துப் போட்டு, கிராண்டையும் ஐசி (அடையாள அட்டை) நகலையும் கொடுத்தால் கார் போய்விடும், பெயர் போகாது. வேகக் கேமரா சம்மன், விபத்து, அந்தக் காரில் நடக்கும் குற்றம் எல்லாவற்றுக்கும் போலீஸ் தேடி வருவது பதிவில் உள்ள உங்களைத்தான். ரன்னரின் கைப்பேசி அடைத்துக் கிடக்கும். நம் தோட்டத்து ஆட்களும் இதில் மாட்டுகிறார்கள். ‘நம்ம ஆளு’ என்று நம்பிக் கொடுத்துவிடுகிறார்கள். கடைக்கு விற்றாலும் சரி, புஸ்பாகோம் (வாகனப் பரிசோதனை மையம்) சோதனை முடிந்து, ஜேபிஜேயில் கைரேகை வைத்து, பெயர் மாறிய பிறகே சாவி. அதன்பின் மைஜேபிஜே செயலியைத் திறந்து, அந்த எண் உங்கள் பெயரிலிருந்து போய்விட்டதா என்று நீங்களே பாருங்கள்.

ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். கார் இறந்துபோன அப்பாவின் பெயரிலேயே இருக்கிற வீடுகள் தோட்டப்புறத்தில் ஏராளம். பிள்ளைகள் வருடா வருடம் சாலை வரி மட்டும் கட்டி ஓட்டிக்கொண்டிருப்பார்கள். அந்தக் காரை டிரேட் இன் செய்ய (பழையதைக் கொடுத்துப் புதியது எடுக்க) முடியாது. அம்மா கையெழுத்துப் போட்டாலும் செல்லாது, மூத்த மகன் போட்டாலும் செல்லாது. அப்பாவின் கையெழுத்தைப் போலவே போட்டுக் கொடுக்கிறேன் என்று எவனாவது சொன்னால் அது மோசடி, மாட்டுவது நீங்கள். உயில் இல்லாமல், வீடு நிலமும் இல்லாமல், கார், இபிஎப் (ஊழியர் சேமநிதி), வங்கிப் பணம் போன்றவை மட்டும் 600,000 வெள்ளிக்குள் இருந்தால் அமானா ராயாவுக்கு (இறந்தவர் சொத்தைப் பிரித்துத் தரும் அரசு நிறுவனம்) போங்கள். இறப்புப் பத்திரம், வாரிசுகளின் ஐசி, பிறப்புப் பத்திரம், திருமணப் பத்திரம், கிராண்ட் எல்லாம் வேண்டும். நிலமும் இருந்தால் நில அலுவலகம். அங்கிருந்து உத்தரவு கிடைத்த பிறகுதான் ஜேபிஜே. இறப்புப் பதிவும் அரசாங்கத்திடம், கார் பதிவும் அரசாங்கத்திடம். இருந்தும் ஒரு பழைய கஞ்சில் காருக்காகக் கிழவி மூன்று கவுண்டர் ஏறி இறங்க வேண்டியிருக்கிறது. இது அநியாயம். அதற்காகக் குறுக்கு வழியில் போகாதீர்கள். இறந்தவர் பெயரில் ஓடும் கார் மோதினால் காப்புறுதிப் பணம் வாங்குவதும் பெரும் சிக்கல்.

உங்கள் மைவி உங்கள் பெயரிலேயே இருப்பதாக வைத்துக்கொண்டுதான் மேலே சொன்னேன். கடைசியாக, விற்றுவிட்டால் பழைய காப்புறுதியை ரத்து செய்து என்சிடியை (கோரிக்கை இல்லாதவருக்குக் கிடைக்கும் கழிவு) புதுக் காருக்கு மாற்றுங்கள். இழப்பீட்டுக் கோரிக்கை ஏதும் இல்லாமல் ஓட்டியிருந்தால் 55 விழுக்காடு வரை வரும். அது உங்களுடையது, காருடையது அல்ல. மீதி மாதங்களுக்கான காப்புறுதிக் கட்டணத்தையும் கேட்டு வாங்குங்கள். விற்பனையாளர் இதைத் தானாகச் சொல்லமாட்டார்.