‘வளரும் நாடு’ எந்தப் பட்டியலில்?

கேள்வி: தண்டையார்பேட்டையில் வசிக்கிறேன். தமிழ் வழியில் பி.ஏ. வரலாறு, மூன்றாம் ஆண்டு. சர்வதேச அரசியலில், குறிப்பாக வளரும் நாடுகள் பற்றி எம்.ஏ. படிக்க ஆசை. தினமும் செய்தித்தாள் வாசிக்கிறேன். வேறு எதை, எப்படிப் படிப்பது?

பதில்: வரலாறு படித்திருப்பது பெரிய சாதகம். ஆசிய, ஆப்பிரிக்க நாடுகள் கூடிய 1955 பாண்டுங் மாநாடு, 1961-ல் பெல்கிரேடில் கூடிய அணிசேரா நாடுகள், 1964-ல் உருவான வளரும் நாடுகளின் கூட்டணி ஜி-77 என்ற வரிசை உங்களுக்குச் சிரமம் தராது. இடிக்கப்போவது பொருளாதாரம்தான். மூலப்பொருளை விற்று இயந்திரம் வாங்கும் நாடு, ஒரு இயந்திரத்துக்கு நாளாக நாளாக அதிக மூட்டை கொடுக்க நேரிடும் என்றார் அர்ஜென்டினாவின் பொருளாதார அறிஞர் ரவுல் பிரெபிஷ். இந்த ஒரு வாதம் பிடிபட்டால், ஜி-77 ஏன் பிறந்தது, 1974-ல் ஐ.நா.வில் ‘புதிய சர்வதேசப் பொருளாதார ஒழுங்கு’ கேட்டது ஏன் என்பதெல்லாம் தானாக விளங்கும். செய்தித்தாள் இதைச் சொல்லித் தராது. நேற்று யார் யாரைச் சந்தித்தார் என்பதோடு அது நின்றுவிடும்.

அடுத்து, ‘வளரும் நாடு’ என்ற சொல்லையே சந்தேகப்படுங்கள். உலக வங்கி தலா வருமானத்தை டாலரில் கணக்கிட்டு நாடுகளை நான்கு வகுப்பாகப் பிரிக்கிறது. ஆண்டுதோறும் ஜூலையில் பட்டியல் மாறும். இலங்கை 2019-ல் உயர் நடுத்தர வகுப்புக்கு ஏறி, 2020-ல் கீழே இறங்கியது. உலக வர்த்தக அமைப்பில் அளவுகோலே கிடையாது. ஒரு நாடு தன்னை வளரும் நாடு என்று தானே அறிவித்துக்கொள்ளும். ஐ.நா.வின் ‘மிகப் பின்தங்கிய நாடுகள்’ பட்டியலோ வருமானம், கல்வி-ஆரோக்கியம், பொருளாதார நலிவு மூன்றையும் பார்க்கும். எந்தப் பட்டியல் என்று சொல்லாமல் எழுதிய விடையில் மதிப்பெண் குறைவது இங்கேதான்.

பயிற்சிக்குத் தூரம் போக வேண்டாம், காசிமேடு போதும். மீன்பிடி மானியத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தத்தை உலக வர்த்தக அமைப்பு 2022 ஜூனில் ஏற்றது. வளரும் நாடுகளுக்கு 25 ஆண்டு அவகாசம் வேண்டும் என்று பேச்சுவார்த்தையில் இந்தியா கேட்டது. படகுக்கு ஊற்றும் டீசலின் மானியம் இதில் எங்கே வருகிறது என்று நான்கு பக்கம் எழுதிப் பாருங்கள். கச்சத்தீவை எடுத்தால் 1974, 1976 ஒப்பந்தங்களைக் குழப்பாதீர்கள்; இரண்டும் வெவ்வேறு கடற்பகுதிகளுக்கானவை. மேடைப்பேச்சு இதைப் பிரித்துச் சொல்லாது. அதனால் ஒப்பந்தத்தின் மூல வாசகத்தையே படியுங்கள், இரண்டும் சில பக்கங்கள்தான்.

ஆங்கிலம் தடைதான், ஆனால் தாண்டக்கூடிய தடை. வாரம் ஒரு ஐ.நா. தீர்மானத்தை எடுத்து, வினைச்சொற்களை மட்டும் அடிக்கோடிடுங்கள். ‘கண்டிக்கிறது’, ‘கவலை தெரிவிக்கிறது’, ‘கவனத்தில் கொள்கிறது’ ஆகியவற்றுக்கு இடையிலுள்ள தூரம்தான் ராஜதந்திரம். பிறகு சாரத்தைத் தமிழில் ஐந்து வரியும் ஆங்கிலத்தில் ஐந்து வரியும் எழுதுங்கள். முழுப் பாடத்தையும் மனப்பாடம் செய்பவர்கள், கேள்வியைச் சற்றுத் திருப்பிக் கேட்டாலே திணறிவிடுவார்கள்.

சேர்க்கை விஷயம். சேப்பாக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் அரசியல் மற்றும் பொது நிர்வாகத் துறை இருக்கிறது. பாதுகாப்பு ஆய்வுத் துறையும் தெற்கு, தென்கிழக்காசிய ஆய்வு மையமும் தனி. படிப்பின் பெயரை நம்பாமல் பாடத்திட்டத்தைப் பாருங்கள்: போர், அணுஆயுதம் என்றே நிறைந்திருந்தால் அது உங்களுக்கானதல்ல, ‘அரசியல் பொருளாதாரம்’ என்று ஒரு தாளாவது வேண்டும். டெல்லி ஜே.என்.யூ., புதுச்சேரிப் பல்கலைக்கழகம் என்றால் மத்தியப் பல்கலைக்கழகங்களின் பொது நுழைவுத் தேர்வான ‘கியூட் பி.ஜி.’ எழுத வேண்டும். 75 கேள்விகள்; சரிக்கு 4, தவறுக்கு 1 கழியும். அரசியல் அறிவியல் தாள் தமிழில் கிடையாது, ஆகவே மேலே சொன்ன ஆங்கிலப் பயிற்சியை இன்றே தொடங்குங்கள்.

புத்தகத்துக்குக் கடன் வாங்க வேண்டாம். தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறி சென்ட்ரலில் மாறினால் எழும்பூர். கன்னிமாரா நூலகம் அங்கிருந்து பக்கம்தான்.